வெளிச் சேமிப்பகம்: காலி

அத்தியாயம் 5

எங்கள் துப்பறியும் அலுவலகம் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே ஆணி வாங்க ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள். மேலே உண்மை வாங்க வாரத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். அதனால் படியில் காலடிச் சத்தம் கேட்டதும் நானும் என் முதலாளி பெர்னார்டும் நிமிர்ந்து உட்காருவோம். பாதி நேரம் வந்தவர், "பெயின்ட் இங்கயா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு வந்தவள் பெயின்ட் கேட்கவில்லை. அஃப்ரீன். இருபத்தெட்டு வயது. கல்யாண வீடியோ எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை ரவூப் ஹாஜியார் மகள் கல்யாணத்தில், என் வாய் நிறைய பிரியாணி இருந்த நேரம் பார்த்துக் கேமராவை என் பக்கம் திருப்பியவள். அந்தக் கோபம் எனக்கு இரண்டு நாளாக இருந்தது. அவள் சிவந்த கண்களைப் பார்த்ததும் போய்விட்டது.

"நிக்காஹ் முழுசும் போயிருச்சு சார்," என்றாள் பெர்னார்டிடம். "டிஸ்க் காலியாம்."

"காலியாம்னா? நீ பாக்கலையா?"

"பாக்க விடல சார்."

பெர்னார்டைப் பற்றி இரண்டு வரி. வயது ஐம்பத்தாறு. இருபது வருஷம் ஒரு ஷாப்பிங் சென்டரில் பாதுகாப்பு மேலாளராக இருந்தவர். அங்கே திருடர்களைப் பிடித்ததைவிட, காரை எந்த மாடியில் நிறுத்தினோம் என்று மறந்தவர்களுக்குக் கார் தேடிக் கொடுத்ததே அதிகம். கணினியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லவும் சொல்வார். இந்த ஊரில் அந்தக் குணம் அபூர்வம். நான் முனீரா, அவருடைய உதவியாளர். அவர் யோசிப்பார், நான் பேசுவேன்.

அஃப்ரீன் தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். கேமரா கார்டுகளில் இருப்பதை அவள் மண்டபத்திலேயே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவாள். அதற்கு லேப்டாப் தூக்குவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கணினி ஒன்று வைத்திருக்கிறாள். கார்டையும் டிஸ்க்கையும் அதில் செருகினால் போதும். டிஸ்க் மட்டும் பெரியது, ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவு.

"ஏன் அவ்வளவு பெருசு?" என்று கேட்டேன்.

"சின்னதா இருந்தா கல்யாண வீட்டுல யாராச்சும் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுறாங்க அக்கா. திருடணும்னு இல்ல, பழக்கத்துல."

ஞாயிறு காலை நிக்காஹ், சாயந்திரம் வரவேற்பு. காலையில் எடுத்ததை டிஸ்க்கில் ஏற்றி, சரிபார்த்து, சாயந்திரத்துக்காகக் கார்டுகளைக் காலிசெய்துவிட்டாள். இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது பிரதி எடுப்பது அவள் வழக்கம். அதற்குள் ஹாஜியாரின் மச்சான் ஃபாரூக் வந்து, "குடும்பத்துப் பொம்பளைங்க இருக்கிற படம், எங்க கையிலதான் இருக்கணும்," என்று டிஸ்க்கை வாங்கிப் போய்விட்டார். திங்கட்கிழமை அவரே போன் செய்தார். டிஸ்க்கில் ஒன்றும் இல்லை என்றார்.

"ரெண்டாவது காப்பி எடுக்காம குடுத்தது என் தப்புதான்," என்றாள். "ஆனா நான் அழிக்கல சார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஹாஜியார் குரூப்ல போடப் போறாராம். என் பேரு, என் நம்பரு, 'இந்தப் பெண்ணை யாரும் அழைக்க வேண்டாம்'னு."

எந்தக் குரூப் என்று நான் கேட்கவில்லை. நானும் அதில் இருக்கிறேன். கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்வதற்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். கல்யாணம் முடிந்தும் ஒருவரும் வெளியேறவில்லை. முதலில் வெளியேறுகிறவர் யார் என்று மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அஃப்ரீன் இதுவரை எடுத்த கல்யாணங்களும் இனி எடுக்கப்போகும் கல்யாணங்களும் அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்குள்தான். அந்தச் செய்தி போனால் அவள் வேறு தொழில்தான் தேட வேண்டும்.

"அஞ்சு மணிக்கு ஹாஜியார் கடைக்கு வந்துடு," என்றார் பெர்னார்ட். "உன் குட்டிக் கணினியையும் எடுத்துட்டு வா."

* * *

ஃபாரூக் மாமாவைத் தேட வேண்டியதில்லை. டன்லப் ஸ்ட்ரீட் பக்கத்து டீக்கடையில் மதியம் இரண்டு முதல் நான்கு வரை அவருக்கென்று ஒரு மேசை உண்டு. அவர் குடும்பத்தின் தொழில்நுட்ப நிபுணர். பல வருஷங்களுக்கு முன் ஹாஜியார் கடையில் பிரின்டர் மக்கர் செய்தபோது, அதை நிறுத்திவிட்டு மறுபடி போட்டு ஓட வைத்தவர். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் எந்த மின்சாதனம் வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அவர் இடுப்புப் பையில் எப்போதும் ஒரு கையடக்கக் கணினி இருக்கும். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் எப்போதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"வாங்க, பாருங்க," என்று டிஸ்க்கை எடுத்து வைத்தார். ஒரு வயரை எடுத்தார். ஒரு முனையை டிஸ்க்கில் செருகினார், மறுமுனையைக் கணினியில் செருகினார். இவ்வளவையும் ஒரு மருத்துவர் ஊசி போடும் தோரணையில் செய்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

வெளிச் சேமிப்பகம்: காலி.

"நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது லா," என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"வேற யாராச்சும் செக் பண்ணாங்களா பாய்?" என்றார் பெர்னார்ட்.

"மூணு பேர் பண்ணியாச்சு. நான், என் மருமகன், மச்சான் கடை கேஷியர்."

"அவங்க எதுல பாத்தாங்க?"

"இதுலதான். நான் காட்டினேன், அவங்க பாத்தாங்க."

"ஒரு திரை, ஆறு கண்ணு," என்றேன் நான். ஃபாரூக் மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பெர்னார்ட் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் இரண்டு துளைகள். ஒன்றில் வயர் இருந்தது. இன்னொன்று வட்டமாக, வெறுமையாக இருந்தது.

"இது என்ன ஓட்டை பாய்? எனக்கு இதெல்லாம் தெரியாது."

ஃபாரூக் மாமா ஒரு விநாடி அந்தத் துளையைப் பார்த்தார். "அது காத்தோட்டத்துக்கு," என்றார். "டிஸ்க் சூடாகும்ல?"

டீ வந்தது. மேசையில் இடமில்லை. மாமா வயரைக் கணினியிலிருந்து பிடுங்கி டிஸ்க்கை நாற்காலியில் வைத்தார். நான் டீயை எடுத்தேன். பெர்னார்ட் தன் டீயைத் தொடாமல் அந்தக் கணினித் திரையையும் அதன் பக்கவாட்டில் செருகியிருந்த சின்னக் கார்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படியும் வரை பார்த்தார்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட டிஸ்க்கை எப்படிக் குடுத்துச்சு?"

"பைல போட்டு. மண்டபத்து வாசல்ல விருந்தாளிக்கு டோர் கிஃப்ட் குடுக்கிற மேசை இருக்குல்ல, அங்க. தங்கக் கலர் காகிதப் பை. அதே பைலதான் போட்டிருந்துச்சு. ரெண்டு பை நீட்டிச்சு."

"ரெண்டு பையா?"

"ஒண்ணுல டிஸ்க். இன்னொண்ணு எனக்கு கிஃப்ட் போல. நான் ஏற்கெனவே மூணு எடுத்துட்டேன். நாலாவதும் எடுத்தா நல்லா இருக்காதேன்னு மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டேன்."

பெர்னார்ட் எழுந்துவிட்டார். கை கூப்பி விடைபெற்றார். நான் மட்டும் அவருடைய டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டு ஓடினேன்.

வெளியே பூக்கடைப் பக்கம் நின்று அவர் அஃப்ரீனுக்குப் போன் போட்டார். அந்த இரண்டாவது பையில் என்ன என்று கேட்டார். பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பவர் அடாப்டர் சார். பெரிய டிஸ்க்குல்ல, சுவத்துல மாட்டாம ஓடாது. ஏன் சார்? அவர் மாட்டலையா? எல்லாம் சரியா மாட்டினீங்களான்னு நான் கேட்டேனே. 'நான் கம்ப்யூட்டர் தொட்டப்ப நீ பொறக்கவே இல்ல'ன்னாரு."

பெர்னார்ட் போனை வைத்தார். "முனீரா, அந்த டிஸ்க் இன்னும் உயிரோடதான் இருக்கு. ஞாயித்துக்கிழமைலேர்ந்து தூங்கிட்டு இருக்கு."

"அப்ப திரையில காலின்னு வந்துச்சே?"

"அதை அஞ்சு மணிக்குச் சொல்றேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே சார். 'மாமா, அது காத்தோட்டம் இல்ல, கரண்ட்டு'ன்னு."

"அந்த மேசையில ஆறு பேர் இருந்தாங்க. அவங்க முன்னாடி அவருக்குத் தெரியலன்னு சொன்னா, டிஸ்க்கை உடைச்சாவது காலின்னு நிரூபிச்சிடுவார். ஹாஜியார் முன்னாடிதான் பேசணும்."

"சரி, ஒரு அடாப்டர் வாங்கிட்டுப் போவோம்."

"நாம வாங்கிட்டுப் போனா, 'டிடெக்டிவ் ஏதோ பண்ணிக் கொண்டாந்துட்டார்'ன்னு சொல்வார். அவர் மேசையில விட்டுட்டுப் போன பை அவர் கண்ணு முன்னாடி வரணும்."

எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. ஃபாரூக் மாமா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடக்கமாக நடந்துகொண்டிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு வினை.

மேசையில் விட்ட பை என்ன ஆயிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. வாசலில் நின்ற பெண்கள் அதையும் டோர் கிஃப்ட் என்று யாரோ ஒரு விருந்தாளியின் கையில் கொடுத்திருப்பார்கள். சிங்கப்பூரில் ஏதோ ஒரு வீட்டில் பேரீச்சம்பழத்துக்கும் கேக்குக்கும் பதிலாக ஒருவர் அடாப்டரை எடுத்துப் பார்த்திருக்கிறார். நாகரிகம் கருதி வாயைத் திறக்கவில்லை. எண்ணூற்றுப் பன்னிரண்டில் அவர் யார்?

"உன் போனைக் குடு," என்றார் பெர்னார்ட். "நன்றி சொன்னவங்களை எல்லாம் படி."

நடைபாதையிலேயே படித்தேன். கேக் ரொம்ப ருசி, மாஷா அல்லாஹ். பழம் மதீனாவிலிருந்து வந்ததா? கேக் எந்தக் கடை? என் பையில் கேக் கொஞ்சம் நசுங்கியிருந்தது, ஆனாலும் பரவாயில்லை. பிள்ளைங்க கேக்கைக் காலி பண்ணிட்டாங்க. இப்படி நூற்றுப் பதினேழு நன்றிகள். நான் கொட்டாவி விட்ட இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார்.

"மறுபடி படி."

"'பயனுள்ள பரிசுக்கு மிக்க நன்றி. தினமும் உங்களை நினைத்துப் பயன்படுத்துவேன். உர்சுலா, தோ பாயோ.'"

"கேக்கை யாரும் தினமும் பயன்படுத்த மாட்டாங்க," என்றார் பெர்னார்ட்.

* * *

உர்சுலா ஹாஜியாரின் மனைவி ரபியாவோடு ஒரே பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும் பெர்னார்டின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், என் முக்காட்டைப் பார்த்தார், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பலகாரத் தட்டை எடுத்து வைத்தார்.

கூடத்துச் சுவரில் மாதா படம். படத்தைச் சுற்றி நீல விளக்குச் சரம் எரிந்தது. சரத்தின் வயர் கீழே இறங்கி ஒரு கறுப்பு அடாப்டரில் முடிந்தது. அடாப்டரின் முதுகில் வெள்ளை ஸ்டிக்கர். அதில் அஃப்ரீன் என்று எழுதியிருந்தது.

"கல்யாணப் பரிசு பிடிச்சிருந்துச்சா அக்கா?" என்றார் பெர்னார்ட்.

"அதை ஏன் கேக்கிறீங்க. எல்லாருக்கும் கேக்கு. எனக்கு சுகர்னு ரபியாவுக்குத் தெரியும். மாதா லைட்டு ஈஸ்டர்லேர்ந்து எரியலங்கிறதும் தெரியும், வீட்டுக்கு வந்தப்ப பாத்தா. எனக்குன்னு யோசிச்சுத் தனியா குடுத்திருக்கா பாருங்க. மாட்டினேன், பொருத்தமா உக்காந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"ஸ்டிக்கர்ல அஃப்ரீன்னு இருக்கே அக்கா?"

"கம்பெனி பேருன்னு நெனச்சேன்."

நான் பேசுகிறவள். ஆனால் அன்றைக்கு பெர்னார்ட்தான் எல்லாவற்றையும் சொன்னார். உர்சுலா கேட்டுக்கொண்டே தட்டிலிருந்த முறுக்கை இரண்டாக உடைத்தார், நான்காக உடைத்தார்.

"அப்ப ரபியா யோசிச்சுக் குடுக்கலையா?"

"யோசிக்காம குடுத்ததுதான். ஆனாலும் உங்களுக்கு வேண்டியதுதானே வந்துச்சு."

உர்சுலா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு அஞ்சு மணிதானே கெடு? எடுத்துட்டுப் போங்க," என்றார். பெர்னார்ட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். நீல விளக்கு போனதும் கூடம் மங்கலாகிவிட்டது. நாளைக்கே வேறு அடாப்டர் வாங்கி வருகிறேன் என்று நான் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

ரயிலில் நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியா வந்தபோது மணி நாலு நாற்பத்தெட்டு. மின்படிக்கட்டில் ஏறும்போது பெர்னார்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"முனீரா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த ஓட்டையைப் பத்திக் கேட்டிருக்கக் கூடாது."

"ஏன் சார்? அவர்தான் காத்தோட்டம்னு சொல்லிட்டாரே."

"சொல்லிட்டார். ஆனா ஒரு விநாடி யோசிச்சுட்டுச் சொன்னார். அந்த விநாடி அவரைத் தூங்க விடாது. யாரையாவது போய்க் கேட்டிருப்பார்." அவர் படியில் நின்றுகொண்டிருக்கவில்லை, வலப்பக்கமாக ஏற ஆரம்பித்துவிட்டார். "இதுவரைக்கும் குற்றமே நடக்கல. இப்பதான் நடக்கப் போகுது."

* * *

ரவூப் ஹாஜியாரின் கடையில் கீழே தொழுகை உடையும் அத்தரும். மேலே அலுவலகம். நாங்கள் மூச்சிரைக்க ஏறினபோது உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். ஹாஜியார் மேசைக்குப் பின்னால். அவர் மனைவி ரபியா ஜன்னல் ஓரம். அஃப்ரீன் சுவரோடு சுவராக நின்றாள். ஃபாரூக் மாமா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் டிஸ்க். டிஸ்க்கின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ சுற்றும் சத்தமும் கேட்டது. வட்டத் துளையில் ஒரு புத்தம் புது அடாப்டர் வயர் செருகியிருந்தது.

காற்றோட்டத்துக்கு விட்ட துளையில் வயரைச் செருகியிருக்கிறாரே என்று கேட்க வாயெடுத்தேன். பெர்னார்ட் என் கையைப் பிடித்தார்.

"வாங்க," என்றார் ஹாஜியார். "ரித்திக்னு ஒரு பையன் போன் கடை வச்சிருக்கான். அவன்கிட்ட மச்சான் போய் இதுக்கு எக்ஸ்ட்ரா பவர் குடுத்துக் கொண்டாந்திருக்காரு. கடைசியா ஒரு முயற்சின்னு. அப்பவும் காலிதான். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

திரையில் புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. இந்தச் சாதனத்தைப் படிக்க முடியவில்லை. பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்யவும். கீழே இரண்டு பொத்தான்கள், சரி, ரத்து.

"அதை அமுக்காதீங்க," என்றாள் அஃப்ரீன். "என் டிஸ்க் வேற வகை. உங்க கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாது. ஃபார்மட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும்."

"காலி டிஸ்க்குல என்னம்மா அழியும்?" என்றார் ஃபாரூக் மாமா. அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"செய்யச் சொல்லிப் போட்டிருக்குல்ல, செஞ்சிடுங்க மச்சான்," என்றார் ஹாஜியார். அறுபது வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தவர். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில் என்றால் நிற்பார், டுரியானோடு ஏறாதே என்றால் ஏற மாட்டார். எழுதிப் போட்டிருப்பதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. ஒரு திரை ஃபார்மட் செய் என்றால் செய்யாமல் இருப்பாரா?

ஃபாரூக் மாமாவின் விரல் சரி என்பதை நோக்கி இறங்கியது. மேசையைச் சுற்றி நான் போய்ச் சேர முடியாது. ஆனால் சுவர் என் பக்கத்தில் இருந்தது. வரிசையாக நான்கு சுவிட்சுகள். எது எதற்கு என்று யாருக்குத் தெரியும்? நான்கையும் அணைத்தேன்.

விளக்கு போனது. விசிறி நின்றது. மின்கெண்டி கொதிப்பதை விட்டது. டிஸ்க்கின் பச்சை விளக்கும் அணைந்தது. கணினித் திரையில் இருந்த பெட்டி தானாக மறைந்தது.

"என்னம்மா பண்றே?" என்றார் ஹாஜியார்.

"மின்சாரம் சேமிக்கிறேன் மாமா."

பெர்னார்ட் மேசைக்குப் போனார். டிஸ்க்கையும் கணினியையும் இணைத்திருந்த வயரைப் பிடுங்கினார். டிஸ்க்கைத் தூக்கி அஃப்ரீன் கையில் கொடுத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஹாஜியார், இப்ப மேசையில டிஸ்க் இல்ல. பாய், வெளிச் சேமிப்பகத்தைத் திறங்க."

"டிஸ்க் இல்லாம என்னத்தைத் திறக்கிறது?"

"திறங்க."

ஃபாரூக் மாமா திறக்கவில்லை. ஹாஜியார் எட்டித் தானே தொட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

வெளிச் சேமிப்பகம்: காலி.

"டீ குடிக்கிறப்ப பாய் வயரைப் பிடுங்கினார்," என்றார் பெர்னார்ட். "அப்பவும் திரை இதையேதான் சொல்லிச்சு. இந்தக் கணினிக்குப் பக்கவாட்டுல ஒரு மெமரி கார்டு போடுற இடம் இருக்கு. அதுல பாய் வாங்கிப் போட்ட புதுக் கார்டு இருக்கு. காலிக் கார்டு. ரெண்டு நாளா நீங்க எல்லாரும் அதைத்தான் பாத்தீங்க. கரண்ட் இல்லாத டிஸ்க் இதுக்குத் தெரியவே இல்ல."

உர்சுலா அடாப்டரைப் போட்டுக் கொடுத்த தங்கக் கலர் பையை மேசையில் வைத்தேன். அடாப்டரை வெளியே எடுத்து ஸ்டிக்கரைக் காட்டினேன். "நாலாவது பை, மாமா," என்றேன் ஃபாரூக்கிடம்.

ஹாஜியார் மச்சானைப் பார்த்தார். "ரித்திக் கடையில சொன்னானா, கரண்ட் இல்லாம இது ஓடாதுன்னு?"

ஃபாரூக் மாமா தன் இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"சொல்லியிருப்பான்," என்றார் பெர்னார்ட். "லைட் எரிஞ்சதும் பாய்க்குப் புரிஞ்சிருக்கும். காலின்னு ரெண்டு நாளா சொல்லியாச்சு. அமுக்கியிருந்தா அது நிஜமாயிருக்கும்."

நான் சுவிட்சுகளைப் போட்டேன். அஃப்ரீன் தன் குட்டிக் கணினியை எடுத்தாள், டிஸ்க்கை இணைத்தாள், தன் அடாப்டரைச் சுவரில் மாட்டினாள். பச்சை விளக்கு வந்தது. ஐந்து விநாடியில் படங்கள் வரிசையாக வந்து நின்றன. அவள் ஒன்றைத் தொட்டாள். மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளும் சத்தம் கேட்டது. திரையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஹாஜியார் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரபியா ஜன்னலை விட்டு வந்தார். பெண்கள் பகுதியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் மட்டும் தன் மகளின் நிக்காஹைக் கேட்டவர் அவர். இப்போதுதான் பார்க்கிறார். உள்ளங்கை அளவுத் திரை. அவர் மூக்கு அதில் முட்டிவிடும் போல இருந்தது.

"மணி என்ன?" என்றார் ஹாஜியார் திடீரென்று. "மச்சான், அந்த மெசேஜ். அதை நிறுத்துங்க."

நாலு ஐம்பத்தொன்பது. குழுவுக்கான செய்தியை ஹாஜியார் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். சரியாக ஐந்து மணிக்குத் தானாகப் போகும்படி ஃபாரூக் மாமா தன் கணினியில் ஏற்பாடு செய்திருந்தார். அவர் திரையைத் தொட்டார். வேறு எங்கோ தொட்டார். நெற்றி வேர்த்தது.

"எப்படி நிறுத்துறது?" என்றார் ஹாஜியார்.

"தெரியல மச்சான்," என்றார் ஃபாரூக் மாமா.

அந்தக் குடும்பம் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. ரபியா தலை நிமிர்ந்து தன் தம்பியைப் பார்த்தார். அந்த நேரம் என் போன் அதிர்ந்தது. ரபியாவின் போன் அதிர்ந்தது. கீழே கடையில் கேஷியரின் போன் அதிரும் சத்தமும் படியேறி வந்தது. அஃப்ரீனின் பேரும் நம்பரும் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஹாஜியார் அவசரமாகத் தன் போனை எடுத்தார். "அழிச்சிடுறேம்மா. எல்லார் போன்லயும் அழிச்சிடலாம்."

"அழிக்காதீங்க ஹாஜியார்," என்றாள் அஃப்ரீன். "படிச்சவங்க படிச்சிட்டாங்க. அதுக்குக் கீழ எழுதுங்க."

அவர் எழுதினார், நிறுத்தினார், மறுபடி எழுதினார். கடைசியில் வாசித்துக் காட்டினார். "நுட்பக் கோளாறு காரணமாக முந்தைய தகவலில் சிறு பிழை ஏற்பட்டமைக்கு வருந்துகிறோம்." ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் சொல்வார்களே, அந்த மாதிரி இருந்தது.

அஃப்ரீன் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள்.

"கோளாறுக்குப் பேர் இல்லையா ஹாஜியார்? எனக்கு மட்டும்தான் பேர் போடுவீங்களா?"

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஹாஜியார் மச்சானைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். குழுவில் அவருடைய சம்பந்திகள் இருந்தார்கள், சங்கத்துக்காரர்கள் இருந்தார்கள். அவருடைய கட்டைவிரல் போனுக்கு மேலே தூக்கியது தூக்கியபடி நின்றது.

ரபியா அவர் கையிலிருந்து போனை வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஒற்றை விரலால் மெதுவாக எழுதினார். முடித்ததும் யாரிடமும் காட்டாமல் அனுப்பினார். என் போன் மறுபடி அதிர்ந்தது. அஃப்ரீன் டிஸ்க்கின் மேலிருந்து கையை எடுக்காததால், நான் என்னுடையதை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

'அஃப்ரீனைப் பற்றி எங்கள் வீட்டில் சொன்னது தவறு. நிக்காஹ் படம் முழுசாக இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், அழகாக எடுத்திருக்கிறாள். டிஸ்க்கை மாட்டத் தெரியாதவர் என் தம்பி ஃபாரூக். கேட்காமல் நம்பியவர் என் கணவர் ரவூப். இப்படிக்கு மணப்பெண்ணின் தாய் ரபியா.'

அஃப்ரீன் அதை இரண்டு தடவை வாசித்தாள். அதற்கு அப்புறம்தான் டிஸ்க்கின் மேலிருந்து கையை எடுத்தாள்.